ஐந்திதழ் ரோஜாவின் அஸ்தமனம்: கிரும்லோவ் கோட்டை வரலாறு – 4

சென்ற அத்தியாயத்தில், புகுந்த வீட்டில் தான் பட்ட அவமானங்களையும் மனவேதனையையும் தந்தைக்கும் சகோதரர்களுக்கும் கடிதம் கடிதமாக எழுதியனுப்பிய பெர்க்தா சீமாட்டியின் கதையோடு பதினைந்தாம் நூற்றாண்டை முடித்தோம். இனி நாம் புகவிருப்பது பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதி. கிரும்லோவின் சௌந்தரியம் முழுமை பெற்றதும், அதைச் சமைத்த வம்சம் வேரற்றுப் போனதும் இந்தக் காலத்தில்தான். ஓர் ஊரின் மகோன்னதமும் அதன் உடைமையாளரின் வீழ்ச்சியும் இரண்டு தலைமுறைக்குள்ளாக, அதுவும் ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரண்டு சகோதரர்களின் ஆயுட்காலத்துக்குள்ளாகவே நடந்து முடிந்தது என்பதால், இந்த அத்தியாயத்தைச் சற்று நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன்.

தொடரை இடையிலிருந்து படிக்கத் தொடங்கும் வாசகர்களுக்காக ஊரின் அமைப்பை மட்டும் மீண்டும் ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். தெற்குப் பொஹீமியாவில், ஷுமாவா மலைக்காடுகளிலிருந்து இறங்கிவரும் வல்தாவா நதி ஓரிடத்தில் நேரே செல்ல மனமில்லாததுபோல் வளைந்து, மறுபடியும் வளைந்து, ஏறக்குறைய ஒரு தீவு போன்ற நிலத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த நிலத்தின்மேல் சதுக்கமும் சந்துகளும் புனித வீட்டஸ் ஆலயமுமாக உள்நகரம் அமைந்திருக்க, நதிக்கு எதிர்க்கரையில் நீண்டு கிடக்கும் பாறைத் தொடரின் முதுகில் கோட்டை நிற்கிறது. கோட்டையின் காலடியில், பிரபுவின் ஊழியர்களும் கைவினைஞர்களும் குடியிருந்த லாத்ரான் என்னும் பகுதி கிடக்கிறது. 1253-ஆம் ஆண்டில் முதன்முதலாக ஆவணத்தில் பெயர் காணப்படும் இக்கோட்டை, அதைக் கட்டிய கிளை சந்ததியின்றி அற்றுப்போனபோது, 1302-இல் அரசனின் இசைவோடு அதன் உறவினரான ரோஜ்ம்பெர்க் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. வெள்ளி நிறக் களத்தில் ஐந்து இதழ்களோடு கூடிய செந்நிற ரோஜா அவர்களுடைய குலச்சின்னம். பொஹீமிய ராஜ்யத்தில் அரசனுக்கு அடுத்தபடியாக யார் என்று கேட்டால், இந்த ரோஜாவைத் தரித்தவர்கள் என்றே மூன்று நூற்றாண்டுகளாக ஜனங்கள் விடை சொல்லி வந்தார்கள்.

1539-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ரோஜ்ம்பெர்க் குலத்து யோஷ்ட் பிரபு மரணமடைந்தபோது, அவனுடைய மூத்த மகன் விலேமுக்கு வயது நான்கு. இளையவன் பேத்ர் வோக் பிறந்து சில நாட்களே ஆன சிசு. சமஸ்தானத்தின் பொறுப்பு சிற்றப்பன் முறையினரிடமும் காரியஸ்தர்களிடமும் இருந்தது. 1551-இல் பதினாறு வயதுச் சிறுவனாக விலேம் ஆட்சிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். அந்த வயதில் ஒரு பிரபுவின் மகனுக்கு வேட்டையிலும் விருந்திலும் நாட்டம் இருப்பது இயல்பு; இவனுக்கோ தன் குலத்தின் கௌரவத்தை ஐரோப்பாவின் அரசர்கள் நடுவே நிலைநாட்டவேண்டும் என்ற ஒரே நினைவு இரவும் பகலும் இருந்தது. அரசவையில் யார் முன்னே நடப்பது, யார் பின்னே நடப்பது என்பது குறித்துப் பிளவேன் பிரபுக்களுக்கும் ரோஜ்ம்பெர்க் குடும்பத்துக்கும் எழுந்த வழக்கில், 1556-இல் பெர்டினாண்டு மன்னனின் தீர்ப்பு விலேமுக்குச் சாதகமாக வந்தது. இன்று நமக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால், சபையில் நிற்கும் இடமே ஒரு குடும்பத்தின் அதிகாரத்துக்கு அளவுகோலாக இருந்த அக்காலத்தில், இருபது வயதைக் கடந்தும் கடவாத ஓர் இளைஞன் அடைந்த இவ்வெற்றி அவன் பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் அஸ்திவாரமாயிற்று.

குலப்பெருமையில் அவனுக்கிருந்த மோகத்துக்கு மற்றொரு சான்று கோட்டையின் அகழியில் இன்றும் உயிரோடு உலவுகிறது. தாங்கள் ரோமாபுரியின் புகழ்பெற்ற ஓர்சீனி வம்சத்தின் கிளையினர் என்று ரோஜ்ம்பெர்க் குடும்பத்தார் உரிமை கொண்டாடினர். வரலாற்று நோக்கில் இதற்கு ஆதாரமே கிடையாது. ஓர்சீனியரின் சின்னங்களில் ஒன்று கரடி. ஆகவே கரடி ரோஜ்ம்பெர்க்கரின் கேடயத்தைத் தாங்கும் விலங்காக ஓவியங்களில் ஏறியது; கிரும்லோவ் கோட்டையிலும் கரடிகளை வளர்க்கும் வழக்கம் ஏற்பட்டது. வம்சம் மறைந்து நானூறு ஆண்டுகள் கடந்த பின்னரும், கோட்டைக்குள் நுழையும் பாலத்தின் கீழே கரடிகளைப் பராமரிக்கும் மரபு தொடர்கிறது.

விலேம் அரண்மனையில் மட்டும் கண்ணாயிருந்தவன் அல்லன். ஆட்சிக்கு வந்த சில ஆண்டுகளில், 1555-இல், தனித்தனிச் சுதந்தரங்களோடு அடிக்கடி பிணங்கிக்கொண்டிருந்த உள்நகரத்தையும் லாத்ரானையும் ஒரே நகரமாக இணைத்தான். அதன் பின்னர் கட்டட வேலை தொடங்கியது. அவனுக்கு முன்னோர் விட்டுச் சென்றது படை எதிர்ப்புக்காகக் கட்டப்பட்ட கோத்திக் காலத்துக் கோட்டை: தடித்த சுவர்கள், குறுகிய சாளரங்கள், இருண்ட கூடங்கள். இத்தாலிய நாட்டின் மறுமலர்ச்சிக் கலையில் உள்ளம் பறிகொடுத்த அவன், அந்த முரட்டுக் கற்கோட்டையை ஓர் இராஜ வாசஸ்தலமாக மாற்ற உறுதிகொண்டான். எதையும் இடித்துத் தள்ளி வெறும் தரையில் புதிதாக எழுப்பவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். பழைய சுவர்களின்மேலேயே புதிய மாடங்கள் எழுந்தன. பழைய முற்றங்களைச் சுற்றியே புதிய கூடங்கள் இணைந்தன. கல்லை அடுக்கிக் கட்டுவதற்கு வேண்டிய பொருளும் காலமும் இல்லாத இடங்களில், வெறும் சுண்ணச் சுவரின்மேல் கல் அடுக்குகளையும் மாடக்குழிகளையும் அவற்றில் நிற்கும் வீரர்களையும் தேவதைகளையும் வண்ணத்தால் எழுதி, கண்ணைக் கல்லென்று நம்பவைத்தார்கள். 1570-களின் பிற்பகுதியில் கப்ரியேல் தெ பிளோண்ட் என்ற ஓவியன் முற்றத்துச் சுவர்களில் இவ்வேலையைச் செய்தான்.

இந்தக் கலைக்கு முடிமணி என்று நான் கருதுவது கோட்டையின் உருண்டைக் கோபுரம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் காவலுக்காக எழுந்த அதன் அடிப்பகுதியை அப்படியே விட்டுவிட்டு, 1580-இல் ஆரோன்யோ ஊரினனான பல்தசாரே மாஜ்ஜி என்ற இத்தாலியச் சிற்பி, தூண்களோடு கூடிய திறந்த மாடத்தையும் அதற்குமேல் சிறு கோபுரங்கள் சூழ்ந்த முடியையும் அமைத்தான். பத்தாண்டுகளுக்குப் பின்னர், 1590-இல், பர்த்தொலொமேய் பெரானெக் என்ற ஓவியன் அதற்கு வண்ணம் தீட்டினான். ஐம்பத்து நான்கு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் இக்கோபுரத்தை ஊரின் எந்தச் சந்திலிருந்து தலைநிமிர்த்தினாலும் காணலாம். கடுமையும் மென்மையும் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கும் இந்த அமைப்பிலே, அஞ்சவைத்து ஆண்ட ஒரு குடும்பம் வியக்கவைத்து ஆளக் கற்றுக்கொண்ட வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. பிரபு காட்டிய வழியில் குடிகளும் சென்றார்கள். வெள்ளிச் சுரங்கத்தாலும் வணிகத்தாலும் வசதி பெற்றிருந்த நகரத்து மாந்தர், தங்கள் வீட்டு முகப்புகளையும் இத்தாலிய பாணியில் புதுக்கினர். சுவரின் மேற்பூச்சைக் கீறி அடிப்பூச்சின் நிறத்தை வெளிக்கொணரும் கீறல் சித்திரங்கள் தெருத்தோறும் தோன்றின. இன்று கிரும்லோவைக் காண வருவோர் பார்த்து மயங்குவதில் பெரும்பகுதி அந்த நாற்பது ஆண்டுகளில் உருவானதேயாகும்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? வரலாறு எழுதுகிறவர்கள் அரண்மனையின் அழகில் ஈடுபட்டு இந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுவதுண்டு. விலேமின் சமஸ்தானத்தைப் பொருள் விளையும் பூமியாக்கியவன் யாகுப் கிர்ச்சீன் என்ற அதிகாரி. விலேம் பிறந்த அதே 1535-இல் சாதாரணச் சிறு பிரபுக் குடும்பத்தில் பிறந்து, 1562-இல் கிரும்லோவில் கோட்டை நிர்வாகியாக அமர்ந்து, சில ஆண்டுகளில் ரோஜ்ம்பெர்க் நிலங்கள் அனைத்துக்கும் தலைமை நிர்வாகியாக உயர்ந்த அவன், ஆட்டுப் பண்ணைகளையும் மதுவடிக்கும் சாலைகளையும் பெருக்கினான். எல்லாவற்றுக்கும் மேலாக ஏரிகள் வெட்டினான். கிரும்லோவுக்கு வடகிழக்கே, திரெபோன் என்னும் ஊரைச் சுற்றியிருந்த நிலம் சதுப்பும் கோரையுமாகப் பயனற்றுக் கிடந்தது. அங்கே கரை கட்டி நீரைத் தேக்கிக் கெண்டை மீன் வளர்க்கும் முறை அவனுக்கு முன்பே தொடங்கியிருந்தது. ஸ்டெபானெக் நெதோலிட்ஸ்கி என்பவர் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏரிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பொன் வாய்க்காலை வெட்டிவைத்திருந்தார். கிர்ச்சீன் அதை எவரும் நினைத்துப் பாராத அளவுக்கு விரித்தான்.

1584 முதல் 1590 வரை ஆறாண்டுகள் உழைத்து லுஜ்நிட்ஸே நதியின் குறுக்கே அவன் அமைத்த ரோஜ்ம்பெர்க் ஏரி, ஏறக்குறைய 500 ஹெக்டேர் பரப்புடன் செக் நாட்டின் மீனேரிகளிலெல்லாம் பெரியது. அதன் கரை இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. பெருவெள்ளக் காலத்தில் நதியின் வேகம் கரையை உடைத்துவிடாதபடி, நீரின் ஒரு பகுதியைத் திருப்பி வேறொரு நதியில் சேர்க்கும் புதிய ஆறு ஒன்றையும் அவன் வெட்டுவித்தான். 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பொஹீமியாவையே கலங்கடித்த வெள்ளத்தின்போது, கிரும்லோவின் தெருக்களுக்குள் வல்தாவா புகுந்துவிட்டது. கிர்ச்சீன் கட்டிய மண்கரையோ நானூறு வயதைக் கடந்த நிலையில், வந்த நீரையெல்லாம் தாங்கிக்கொண்டு உடையாமல் நின்றது. ஒரு பொறியியல் அறிஞனுக்கு இதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் தேவையில்லை.

கத்தோலிக்க நாடுகளில் விரத நாட்கள் மிகுதி. அந்நாட்களில் இறைச்சி உண்ணலாகாது, மீன் உண்ணலாம். ஆகவே கெண்டைக்குக் குறையாத கிராக்கி இருந்தது. இலையுதிர் காலத்தில் மதகைத் திறந்து ஏரியை வடித்து, அடியில் திரண்ட மீனை அள்ளிப் பீப்பாய்களில் நீரோடு நிரப்பி வண்டிகளில் ஏற்றித் தொலைதூர நகரங்களுக்கு அனுப்பினார்கள். இம்முறை இன்றும் திரெபோனில் பெரும் திருவிழாவாக நடைபெற்று வருகிறது. ஆனால், அந்தக் கரைகளுக்கு மண் சுமந்தவர்கள் யார் என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். கூலியாட்களோடு சேர்ந்து சமஸ்தானத்துக் குடியானவர்களும் கட்டாய உழைப்பு நல்கினர். பலர் தங்கள் வயல்களையும் புல்வெளிகளையும் ஏரி நீருக்குப் பறிகொடுத்தனர். கிர்ச்சீன் இறந்தபின், அவன் செய்த கொடுமைகளுக்குத் தண்டனையாகச் சாத்தான் அவனை ஏரிக்கரையில் உழவைக்கிறான் என்று குடியானவர்கள் கதை கட்டிச் சொல்லிவந்தார்கள். அதிகாரியின் கணக்குப் புத்தகத்தில் ஏறாத செலவை ஜனங்கள் இவ்வாறு தங்கள் கதையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்; இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஏரியின் வரலாறு பூர்த்தியாகும்.

விலேமின் பதவிகள் ஒன்றின்மேல் ஒன்றாக உயர்ந்தன. 1570-இல் அவன் பிராக் நகரத்தின் தலைமைக் கோட்டையதிபதி ஆனான். பொஹீமியப் பிரபுக்கள் அடையக்கூடிய மிக உயர்ந்த பதவி அது. போலந்து நாட்டின் அரியணை காலியானபோது, ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் சார்பாகத் தூது சென்ற அவனையே அரசனாக்கலாம் என்று அந்நாட்டுப் பிரபுக்கள் சிலர் கருதினர். 1585-இல் பொற்கம்பளி விருது அவன் மார்பில் ஏறியது. கத்தோலிக்கனாக இருந்தும் மதவெறியை வெறுத்து, சீர்திருத்தக் கொள்கையினரோடு சமரசமாகவே நடந்துகொண்ட அவன், அதே காலத்தில் கிரும்லோவில் ஏசு சபைத் துறவியருக்கு ஒரு கல்லூரியும் கட்டிக்கொடுத்தான். திரெபோனில் ரசவாதச் சோதனைகளுக்கும் இடம் தந்தான். ருடால்ப் சக்கரவர்த்தியின் அவையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜான் டீ என்ற ஆங்கிலக் கணித அறிஞரும், அவருடைய தோழன் எட்வர்ட் கெல்லியும் 1586 முதல் அங்கே தங்கி, உலோகத்தைப் பொன்னாக்கும் வித்தையில் பிரபுவின் செலவில் காலம் கழித்தனர். ஏரி நீரிலிருந்து பொன் எடுத்தவன் கிர்ச்சீன் ஒருவனே. உலைகளிலிருந்து எதுவும் வரவில்லை.

இவ்வளவு பாக்கியங்களுக்கும் நடுவே விலேமை அரித்துக்கொண்டிருந்த துயரம் ஒன்று உண்டு. அவனுக்குச் சந்ததி இல்லை. பிரன்சுவிக், பிராண்டன்பர்க், பாடன் என்று ஜெர்மானிய ஆளும் குடும்பங்களிலிருந்து மூன்று மனைவியரை ஒருவர்பின் ஒருவராக மணந்தான், மூவரும் இறந்தனர். பாடன் இளவரசி அன்னா மரியாவை 1578-இல் மணந்தபோது கிரும்லோவில் நடந்த விருந்தின் செலவுப் பட்டியல் பின்னாளில் பேர்போனதாயிற்று. வேட்டை விலங்குகளும் பறவைகளும் மீனும் மதுவுமாகக் கோட்டைக்குள் கொண்டுவந்து குவிக்கப்பட்டவற்றை அது ஒன்றுவிடாமல் குறித்திருக்கிறது. ஐந்தே ஆண்டுகளில் அந்த இளவரசியும் மறைந்தாள். 1587-இல் நான்காவதாகப் பெர்ன்ஷ்டெய்ன் குடும்பத்துப் பொலிக்சேனாவை மணந்தான். அந்த மணத்திலும் மகவு பிறக்கவில்லை. 1592 ஆகஸ்ட் 31 அன்று பிராக் நகரத்தில் விலேம் உயிர் துறந்தான். அவனுடல் கிரும்லோவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித வீட்டஸ் ஆலயத்தில் அன்னா மரியாவின் அருகே அடக்கம் செய்யப்பட்டது.

அண்ணன் விட்டுச் சென்ற கோட்டையோடு அண்ணன் விட்டுச் சென்ற கடனும் தம்பிக்கு வந்தது. ஐம்பத்து இரண்டாம் வயதில் தன் வாசஸ்தலமான பெகினேயை விட்டுக் கிரும்லோவுக்குக் குடிபெயர்ந்த பேத்ர் வோக், விலேமிலிருந்து பலவகையிலும் வேறுபட்டவன். இளமையில் விருந்தும் கேளிக்கையுமாக வாழ்ந்தவன் என்று பிற்காலத்துக் கதைகள் அவனைச் சித்திரிக்கின்றன. உண்மையில், லுதானிட்ஸே குடும்பத்துக் கதர்ஷீனாவை மணந்தபின், 1582-இல் சகோதரர் ஐக்கியம் என்ற எளிய சீர்திருத்தச் சபையில் சேர்ந்து, அதன் உறுதியான ஆதரவாளனாக ஆயுள் முழுவதும் இருந்தவன் அவன். 1594-இல் துருக்கியருக்கு எதிரான போரில் பொஹீமியப் படைக்குத் தலைமை தாங்கினான். எனினும், அவன் பெயர் நிலைத்து நிற்பது வாளினால் அன்று, புத்தகங்களினால்.

பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் கொண்ட அவனுடைய புத்தகசாலை அக்காலத்து மத்திய ஐரோப்பாவின் பெரும் நூற்செல்வங்களில் ஒன்றாக விளங்கியது. அதைப் பேணுவதற்கும் குடும்பத்து ஆவணங்களை ஒழுங்குபடுத்துவதற்கும் வாட்ஸ்லாவ் பிரெஸான் என்ற அறிஞரை அவன் நியமித்தான். பிரெஸான் நூல்களுக்கு அட்டவணை தயாரித்ததோடு அமையாமல், ரோஜ்ம்பெர்க் வம்சத்தின் வரலாற்றையும் பல பாகங்களாக எழுதினார். அவற்றில் பெரும்பகுதி காலத்தின் வாயில் அழிந்துவிட்டது; விலேம், பேத்ர் வோக் ஆகிய இருவருடைய வாழ்க்கை வரலாறுகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. நாள் தவறாமல் நிகழ்ச்சிகளைக் குறித்து, விருந்துக்கு வந்தவர் யார், மருத்துவர் சொன்னது என்ன, எந்தக் கிராமம் எவ்விலைக்குப் போயிற்று என்று எதையும் விடாமல் பதிந்த அவரது உழைப்பு இல்லையேல், இந்த அத்தியாயத்தில் பாதியை எழுதியிருக்க முடியாது. பிரபுக்கள் தங்களுக்காக எழுப்பிய மாளிகைகளைவிட, அந்த ஊழியர் எழுதிவைத்த ஏடுகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது என்பது என் எண்ணம்.

பேத்ர் வோக்குக்கும் குழந்தை இல்லை. கடன் கொடுத்தவர்களோ காத்திருக்க மறுத்தனர். தன் இளமையைக் கழித்த பெகினேயை 1596-இல் விற்றான். அதுவும் போதவில்லை. இறுதியில், 1601-இல், முந்நூறு ஆண்டுகளாகத் தன் முன்னோர் பிறந்து வளர்ந்து ஆண்ட கிரும்லோவையே ருடால்ப் சக்கரவர்த்திக்கு விற்கும் பத்திரத்தில் கையொப்பமிட்டான். மறு ஆண்டு, ஆவணங்களையும் புத்தகங்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, முதுமையும் நோயும் சூழத் திரெபோனுக்குச் சென்றான். இந்த விற்பனைக்காக அவனைப் பழிப்பவர்கள் உண்டு. நான் பழிக்கமாட்டேன். வாரிசில்லாத ஒரு வீட்டின் கடைசி மனிதன், கொடுத்தவர்களின் கடனைத் தீர்த்துவிட்டு நிம்மதியாகக் கண்மூட விரும்பியதில் தவறென்ன இருக்கிறது? தவறு வேறோரிடத்தில் இருந்தது. பத்திரத்தில் கோட்டையும் காடும் ஏரியும் சுரங்கமும் எழுதப்பட்டதுபோலவே, அந்த நகரத்தின் ஜனங்களும் எழுதப்பட்டனர். புதிய எசமானன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. அந்தக் கேள்விக்கு விடை ஐந்தாண்டுகளில் அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்தது.

ருடால்ப் சக்கரவர்த்தி மணம் செய்துகொள்ளாதவன். கதரீனா ஸ்திராதா என்ற பெண்ணிடம் அவனுக்குப் பிறந்த பிள்ளைகளில் மூத்தவன், டான் ஜூலியஸ் சீசர் என்று ஆடம்பரமாகப் பெயரிடப்பட்டவன். இளமை முதலே சித்தம் நிலைகொள்ளாதவனாகவும், கோபம் வந்தால் எதிரில் நிற்பவரைத் தாக்குகிறவனாகவும் இருந்த அவனை ஆஸ்திரியாவில் காமிங் என்னுமிடத்து மடம் ஒன்றில் அடைத்துவைத்துப் பார்த்தார்கள். பயனில்லை. தலைநகரத்தின் கண்ணிலிருந்து அவனை மறைக்கவேண்டும், அதே வேளையில் சக்கரவர்த்தியின் மகனுக்குரிய அந்தஸ்தும் குறையக்கூடாது என்ற எண்ணத்தில், 1606-இல் கிரும்லோவ் கோட்டை அவனுக்கு வாசஸ்தலமாகத் தரப்பட்டது.

லாத்ரானில் நதிக்கரையோரமாக ஒரு குளிப்பு மனை இருந்தது. அக்காலத்தில் குளிப்பு மனைக்காரரே முடிதிருத்துவதும் இரத்தம் எடுத்து வைத்தியம் பார்ப்பதுமான தொழில்களையும் செய்துவந்தனர். அம்மனைக்காரரின் மகள் மார்கேதா பிக்லெரோவா என்ற இளம்பெண், கோட்டைக்கு வரவழைக்கப்பட்டு ஜூலியஸுடன் வாழ வேண்டியவளானாள். 1607-இல் வெறி தலைக்கேறிய ஒருநாள், அவளைக் கத்தியால் குத்திக் காயப்படுத்தி, இறந்துவிட்டாள் என்று எண்ணிச் சாளரத்தின் வழியாகப் பாறைச் சரிவில் எறிந்தான். கீழே குவிந்திருந்த குப்பைமேட்டில் விழுந்ததனால் அவள் உயிர் தப்பினாள். பெற்றோர் அவளை மறைத்துவைத்துக் காயங்களுக்கு மருந்திட்டனர். அவள் பிழைத்திருப்பதை அறிந்த ஜூலியஸ், திரும்ப ஒப்படைக்கும்படி கேட்டான்; தந்தை மறுத்துவிட்டார். அந்த மனிதரைச் சிறைப்படுத்தி, மகளை ஒப்புவிக்காவிட்டால் கொன்றுவிடுவதாக அச்சுறுத்தினான். வாரக்கணக்கில் தவித்த தாய், கணவனின் உயிரைக் காக்க மகளை அனுப்பவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டாள். 1608 பிப்ரவரியில், கோட்டைக்குத் திரும்பிய மறுநாளே, மார்கேதா கொல்லப்பட்டாள். எவ்வாறு கொல்லப்பட்டாள் என்ற விவரங்கள் ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றை இங்கே எடுத்தெழுத என் பேனாவுக்கு மனமில்லை. வழிகாட்டிகளில் சிலர் அவற்றை ரசமான கதையாக்கிப் பயணிகளுக்குச் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை.

நான் சொல்ல விரும்புவது வேறு. அந்தக் குளிப்பு மனைக்காரர் சக்கரவர்த்தியின் மகனை நேருக்கு நேர் நின்று மறுத்தார் என்பதை நாம் மறக்கலாகாது. போலந்தின் மகுடம் வரை பெயர் எட்டிய விலேமுக்கோ, துருக்கியர்மேல் படை நடத்திய பேத்ர் வோக்குக்கோ நேராத ஒரு சோதனை அவருக்கு நேர்ந்தது. அதில் அவர் காட்டிய தைரியம் எவருடைய தைரியத்துக்கும் குறைந்ததன்று. அவருக்குத் துணைநிற்க நீதிமன்றம் இல்லை, நகரசபைக்கு வலிமை இல்லை, பழைய பிரபு இல்லை. ரோஜ்ம்பெர்க் குடும்பத்தார் கருணையின் திருவுருவங்கள் என்று நான் வாதாடவரவில்லை. குடியானவர்களின் முதுகில் ஏரி எழுப்பியவர்கள் அவர்கள். ஆயினும், அவர்களுக்கும் அந்த ஊருக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு பந்தம் இருந்தது. தங்கள் முன்னோரின் கல்லறைகள் அந்த மண்ணில் இருக்கின்றன, தங்கள் கல்லறையும் அங்கேதான் என்ற நினைவு அவர்களுடைய கையை ஓரளவுக்கேனும் கட்டியது. கிரும்லோவ் விலைக்குப் போனபோது அறுந்தது அந்தப் பந்தம்.

செய்தி பிராக் நகரத்தை எட்டியதும், சக்கரவர்த்தி தன் மகனை அதே கோட்டையின் அறை ஒன்றில் சிறைவைக்க உத்தரவிட்டான். சாளரங்களுக்குக் கம்பிகள் பொருத்தப்பட்டன. அறிவு முற்றும் கலங்கிய நிலையில், 1609 ஜூன் மாதத்தில் ஜூலியஸ் அங்கேயே இறந்தான்.

திரெபோனில் முதிய பேத்ர் வோக் இன்னும் இரண்டாண்டுகள் உயிரோடிருந்தான். 1611-இன் தொடக்கத்தில், பாசாவ் நகரத்தில் திரட்டப்பட்ட கூலிப்படை ஒன்று பொஹீமியாவுக்குள் புகுந்து கொள்ளையடித்துத் திரிந்தது. சம்பளம் கொடுத்தாலொழிய வெளியேறமாட்டோம் என்று அப்படையினர் பிடிவாதம் செய்தபோது, தன் கருவூலத்திலிருந்த செல்வத்தைக் கொண்டு அவர்கள் கணக்கைத் தீர்க்க முன்வந்தவன், சொந்தக் கோட்டையைக் கடனுக்காக விற்ற இந்தக் கிழவனே. அவ்வாண்டு நவம்பர் 6 அன்று அவன் இறந்தான். விஷ்ஷி பிரோத் மடாலயத்தில் நடந்த அடக்கத்தின்போது, வம்சம் முடிந்ததற்கு அடையாளமாக ஐந்திதழ் ரோஜா பொறித்த கேடயம் உடைக்கப்பட்டது. அவனுடைய புத்தகங்கள் பின்னர்ப் பிராக் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, முப்பதாண்டுப் போரின் கடைசி ஆண்டாகிய 1648-இல் ஸ்வீடன் நாட்டுப் படையினரால் கொள்ளையிடப்பட்டு, பல நாடுகளின் நூலகங்களில் சிதறிப்போயின. ஆவணங்களோ தப்பிப் பிழைத்து, இன்றளவும் திரெபோனிலேயே பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

கிரும்லோவ் சில ஆண்டுகள் சக்கரவர்த்தியின் சொத்தாகவே, எசமானன் இல்லாத வீடாகக் கிடந்தது. 1618-இல் பொஹீமியப் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். 1620 நவம்பர் 8 அன்று பிராக் நகரத்தருகே வெள்ளை மலையில் நடந்த போரில் அவர்கள் தோற்றனர். வெற்றிபெற்ற இரண்டாம் பெர்டினாண்டு, தனக்குப் பணமும் ஆலோசனையும் தந்து உதவிய ஸ்டீரிய நாட்டு மந்திரி ஹான்ஸ் உல்ரிக் வான் எக்கன்பெர்க்குக்கு நன்றிக்கடனாக, 1622-இல் கிரும்லோவை எடுத்துக்கொடுத்தான். இருபத்தோரு ஆண்டுகளில் இரண்டாவது முறையாக நகரம் கைமாறியது. இம்முறையும் ஜனங்களைக் கேட்டவர் ஒருவருமில்லை. இந்த எக்கன்பெர்க் குடும்பம் ரோம் நகரத்துக்குத் தூது செல்வதற்காகச் செய்வித்த பொன் ரதத்தையும், கோட்டைக்குள் அவர்கள் அமைத்த நாடக அரங்கையும் பற்றி அடுத்த அத்தியாயத்தில் எழுதுகிறேன்.